அரைப் புள்ளியின் கணக்கு: பீட்டர் ஸ்விட்லரை வைத்து செஸ் போட்டிகளைப் படிக்கக் கற்போம்

செஸ் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கும் என் அக்கா மகன் போன வாரம் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, இவரு ஒருதடவை கூட உலக சாம்பியன் ஆகலையே, அப்புறம் ஏன் எல்லாரும் இவரைப் பெரிய ஆட்டக்காரர்னு சொல்றாங்க?" அவன் கையிலிருந்த போனில் பீட்டர் ஸ்விட்லரின் போட்டி வரலாறு திறந்திருந்தது. எட்டு முறை ரஷ்ய சாம்பியன் என்ற வரி அவனுக்குப் புரிந்தது. அதற்குக் கீழே இருந்த 8/14, +4 −2 =8, டை-பிரேக்கில் மூன்றாம் இடம், நாக் அவுட்டில் அரையிறுதி என்பவை எல்லாம் வெறும் எண்களாகவும் சொற்களாகவும்தான் தெரிந்தன.

அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். கிரிக்கெட் ஸ்கோர் கார்டைப் பார்த்ததும் நமக்கு ஆட்டம் கண்முன் வந்துவிடுகிறது. 40 பந்தில் 12 ரன் என்றால் அந்த மனிதர் எப்படித் திணறியிருப்பார் என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செஸ் போட்டியின் எண்களும் பழகிவிட்டால் அப்படித்தான் பேச ஆரம்பிக்கும். பழகுவதற்கு ஸ்விட்லரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை. செஸ்ஸில் எத்தனை விதமாகப் போட்டி நடத்துவார்களோ அநேகமாக அத்தனை விதத்திலும் அவர் வென்றிருக்கிறார். அந்த வகைகளின் கடுமை எங்கே இருக்கிறது என்பதை அவருடைய தோல்விகளும் காட்டுகின்றன. (அவர் தீவிரமான கிரிக்கெட் ரசிகரும் கூட. ரஷ்யாவில் பிறந்து கிரிக்கெட்டைக் கொண்டாடும் ஒருவர்மேல் நமக்குத் தனிப் பிரியம் வருவது இயல்புதானே.)

ஸ்விட்லர் 1976 ஜூன் 17 அன்று லெனின்கிராடில் பிறந்தார். இன்று அந்த ஊருக்கு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று பெயர். 1994-ல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்த வருடமே ரஷ்ய சாம்பியன் பட்டத்தையும் முதன்முறையாக வென்றார்.

முதலில் அரைப் புள்ளி

செஸ் ஆட்டத்தில் வென்றால் 1 புள்ளி, தோற்றால் 0, டிரா செய்தால் இருவருக்கும் ஆளுக்கு அரை. இது எல்லோருக்கும் தெரியும். இதிலிருந்து என்ன விளைகிறது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. உச்சத்தில் ஆடுகிறவர்களுக்குள் பெரும்பாலான ஆட்டங்கள் டிராவில்தான் முடியும். இரண்டு பேருமே தவறு செய்யாமல் ஆடினால் யாருக்கும் வெற்றி கிடைக்காது. அதனால் ஒரு பெரிய போட்டியில் முதல் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இடையே அரைப் புள்ளிதான் வித்தியாசம் என்பது சாதாரணமாக நடக்கும். 14 ஆட்டத்தில் 7 புள்ளி எடுத்தால் சராசரி. 8.5 எடுத்தால் பெரும்பாலும் கோப்பையே வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒன்றரைப் புள்ளி.

+4 −2 =8 என்பதை இப்படிப் படிக்க வேண்டும்: நான்கு வெற்றி, இரண்டு தோல்வி, எட்டு டிரா. வெற்றிக்கு 4, டிராவுக்கு எட்டின் பாதி 4, மொத்தம் 8. ஆக 14 ஆட்டத்தில் 8 புள்ளி. "8/14" என்று மட்டும் எழுதினால் அதே தகவலின் பாதிதான் கிடைக்கும். ஐந்து வெற்றி, மூன்று தோல்வி, ஆறு டிரா என்று ஆடினவருக்கும் 8/14தான் வரும். ஆனால் இருவரும் ஆடிய ஆட்டம் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் ஒருநாள் உலக சாம்பியன் பட்டத்தின் பாதையையே திருப்பியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது ரேட்டிங். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் எலோ உருவாக்கிய கணக்கு இது. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-ல் இதை ஏற்றுக்கொண்டது. இதன் அடிப்படை எளிமையானது: இருவரின் ரேட்டிங் வித்தியாசத்தை வைத்து, ஒருவர் எவ்வளவு புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். 100 புள்ளி அதிகமாக இருப்பவர் நூறு ஆட்டம் ஆடினால் சுமார் 64 புள்ளி எடுப்பார் என்பது எதிர்பார்ப்பு. 200 புள்ளி வித்தியாசம் என்றால் சுமார் 76. எதிர்பார்த்ததற்கு மேல் எடுத்தால் ரேட்டிங் ஏறும், கீழே எடுத்தால் இறங்கும். 2700 ரேட்டிங் உள்ளவர் 2600 உள்ளவருடன் டிரா செய்தால், 0.64 வர வேண்டிய இடத்தில் 0.5தான் வந்திருக்கிறது. அந்த 0.14-ஐ 10-ஆல் பெருக்கினால் 1.4. மேல்மட்ட ஆட்டக்காரரிடம் அவ்வளவு குறைப்பார்கள். தோற்கவே இல்லை, ஆனாலும் நஷ்டம்! யார் வேண்டுமானாலும் ஆடக்கூடிய 'ஓபன்' போட்டிகளுக்கு வரப் பெரிய ஆட்டக்காரர்கள் தயங்குவதற்கு இது ஒரு காரணம்.

கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங்கைத் தொட வேண்டும். அதோடு பலமான போட்டிகளில் 2600 அளவுக்கு ஆடியதாகக் கணக்கு வரும் 'நார்ம்' என்ற தகுதியைக் குறைந்தது மூன்று முறை பெற வேண்டும். ஸ்விட்லரின் உச்ச ரேட்டிங் 2769. அதை அவர் 2013 மே மாதப் பட்டியலில், கிட்டத்தட்ட 37 வயதில் தொட்டார். செஸ்ஸில் பலர் இறங்குமுகத்தில் இருக்கும் வயது அது.

ஸ்விஸ் முறையும் ரவுண்ட் ராபினும்

ஸ்விட்லர் வென்ற முதல் ரஷ்ய சாம்பியன்ஷிப் கல்மீகியா குடியரசின் தலைநகரான எலிஸ்டாவில் ஸ்விஸ் முறையில் நடந்தது. நம் ஊர்ப் பள்ளிகளில் நடக்கும் செஸ் போட்டிகளும் அநேகமாக எல்லாமே ஸ்விஸ் முறைதான். ஆட்கள் நிறைய, நாட்கள் குறைவு என்றால் எல்லோரும் எல்லோருடனும் ஆட முடியாது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே புள்ளியில் இருப்பவர்களை மோத விடுவார்கள். வென்றவர் வென்றவரோடு, தோற்றவர் தோற்றவரோடு. யாரும் வெளியேற மாட்டார்கள். ஒருமுறை மோதியவர்கள் மறுபடி மோதவும் மாட்டார்கள்.

இந்த முறையின் குணம் என்னவென்றால், வெல்ல வெல்ல எதிரே வருபவர் கடினமாகிக்கொண்டே போவார். ஆரம்பத்தில் தோற்றவர் கொஞ்சம் எளிய எதிரிகளைச் சந்தித்து மெல்ல மேலே வரலாம். அதனால் டிரா டிராவாக ஆடி முதல் இடம் பிடிக்க முடியாது. எங்கேயோ ஒரு ஆள் ஐந்தாறு ஆட்டத்தை வென்று தள்ளிக்கொண்டிருப்பார். ஸ்விஸ் முறையில் ஜெயிக்க, ஜெயிக்கும் பசி வேண்டும். 18 வயதுப் பையனுக்கு அது இருந்தது. 1995-லும் 1997-லும் அதே எலிஸ்டாவில் மறுபடி வென்றார். 2009-ல் ஜிப்ரால்டரில் நடந்த பெரிய ஓபன் போட்டியையும் இதே முறையில் வென்றார்; முதல் இடத்தை வாடிம் மிலோவுடன் பகிர்ந்து, கூடுதல் ஆட்டங்களில் முந்தினார்.

ரவுண்ட் ராபின் வேறு மாதிரி. அழைக்கப்பட்ட எட்டோ பத்தோ பன்னிரண்டோ பேர், எல்லோரும் எல்லோருடனும் ஆடுவார்கள். அதிர்ஷ்டத்துக்கு இங்கே இடம் மிகக் குறைவு. யாருக்கு எளிய எதிரி, யாருக்குக் கடினமான எதிரி என்ற பேச்சே இல்லை. இதில் பெரிய தவறு செய்யாதவர் மேலே போவார். 1997-ல் நெதர்லாந்தின் டில்பர்கில் 11 சுற்று ரவுண்ட் ராபின் போட்டி நடந்தது. அப்போதைய சாம்பியன் காஸ்பரோவ், பின்னால் சாம்பியனான கிராம்னிக், கூடவே 21 வயது ஸ்விட்லர் ஆகிய மூவரும் தலா 8 புள்ளியுடன் முதல் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தப் போட்டியில் காஸ்பரோவை நேருக்கு நேர் தோற்கடித்தும் இருந்தார் ஸ்விட்லர். ஓபன்களில் ஜெயிக்கிற பையன் என்ற நிலையிலிருந்து உலகின் முதல் வரிசைக்கு அவர் வந்தது இந்தப் போட்டியில்தான் என்பது என் கருத்து.

எட்டுப் பேர் இருமுறை மோதினால் 14 ஆட்டம். இதை இரட்டை ரவுண்ட் ராபின் என்பார்கள். வெள்ளைக் காய்க்கு முதலில் நகர்த்தும் அனுகூலம் உண்டு என்பதால், ஒரே எதிரியுடன் ஒருமுறை வெள்ளையிலும் ஒருமுறை கறுப்பிலும் ஆடுவதுதான் நியாயம். 2005-ல் அர்ஜென்டினாவின் சான் லூயிஸில் ஃபிடே உலக சாம்பியன்ஷிப்பையே இந்த முறையில் நடத்தினார்கள். பல்கேரியாவின் டோபலோவ் முதல் ஏழு ஆட்டத்தில் 6.5 புள்ளி எடுத்தார். உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் எட்டுப் பேருக்குள் நடக்கும் போட்டியில் ஆறு வெற்றி, ஒரு டிரா! இரண்டாம் பாதியில் ஏழு ஆட்டத்தையும் டிரா செய்து 10/14 என்று முடித்தார். ஆனந்தும் ஸ்விட்லரும் 8.5/14 எடுத்து அடுத்த இடங்களில் நின்றார்கள்.

முன்னே சொன்னேனே, 8.5 எடுத்தால் பெரும்பாலும் கோப்பை வந்துவிடும் என்று. சான் லூயிஸில் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து மெக்ஸிகோ நகரில் அதே முறையில் நடந்தபோது ஆனந்த் 9/14 எடுத்து உலக சாம்பியன் ஆனார். ஸ்விட்லர் 6.5 எடுத்து ஐந்தாவதாக முடித்தார். ஒரே ஆள், ஒரே முறை, இரண்டு புள்ளி வித்தியாசம். உலக சாம்பியன் பட்டத்துக்கு மிக அருகே அவர் போனது எப்போது என்று கேட்டால் பலர் சான் லூயிஸைச் சொல்வார்கள். நான் வேறொரு போட்டியைச் சொல்வேன். அதற்கு முன் நாக் அவுட்டைப் பார்த்துவிடுவோம்.

128 பேரில் ஒருவர்

செஸ் உலகக் கோப்பை என்பது வேறு, உலக சாம்பியன்ஷிப் என்பது வேறு. புதிதாகச் செஸ் பார்க்கிறவர்கள் தடுமாறும் இடம் இது. உலகக் கோப்பை ஒரு நாக் அவுட் போட்டி. அதை வெல்பவர் உலக சாம்பியன் ஆவதில்லை. சாம்பியனை எதிர்க்கப்போவது யார் என்று முடிவு செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டிக்குள் நுழையும் உரிமையைப் பெறுகிறார்.

2011-ல் சைபீரியாவின் காந்தி-மான்சிய்ஸ்க் நகரில் 128 பேருடன் உலகக் கோப்பை தொடங்கியது. 128, 64, 32 என்று பாதி பாதியாகக் குறைந்து ஏழு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே எதிரியுடன் இரண்டு நீண்ட ஆட்டம், இறுதியில் மட்டும் நான்கு. சமமாக முடிந்தால் அடுத்த நாள் 25 நிமிட ரேபிட், பிறகு 10 நிமிடம், பிறகு 5 நிமிட பிளிட்ஸ், அதிலும் முடியாவிட்டால் 'ஆர்மகெடான்' என்ற ஒற்றை ஆட்டம். அதில் வெள்ளைக்கு நேரம் அதிகம், ஆனால் டிரா ஆனால் கறுப்பு ஜெயித்ததாகக் கணக்கு.

இங்கே நிதானமும் வேண்டும், நரம்புறுதியும் வேண்டும். ரவுண்ட் ராபினில் ஒரு நாள் தூக்கம் கெட்டு ஒரு ஆட்டம் தோற்றால் அடுத்த வாரம் ஈடுகட்டலாம். நாக் அவுட்டில் அடுத்த நாள் விமானம்தான். ஸ்விட்லர் அந்த மாதம் அங்கே போகும்போதே நல்ல வேகத்தில் இருந்தார். அந்த ஆகஸ்டில்தான் மாஸ்கோவில் ஆறாவது முறை ரஷ்ய சாம்பியன் ஆகியிருந்தார். கருவானா, காம்ஸ்கி, ஜூடித் போல்கார், போனமரியோவ் என்று ஒவ்வொருவராகத் தாண்டி இறுதிக்கு வந்து, சக ரஷ்யரான கிரிஸ்சுக்கை 2.5–1.5 என்று வென்றார். போனமரியோவை அரையிறுதியில் வென்றதில் ஒரு பழைய கணக்கும் தீர்ந்தது. பத்து வருடத்துக்கு முன், 2001-ல் மாஸ்கோவில் நடந்த நாக் அவுட் உலக சாம்பியன்ஷிப்பில் அதே அரையிறுதி இடத்தில் ஸ்விட்லரை வெளியேற்றியவர் அவர்தான்.

நான்கு வருடம் கழித்து 2015-ல் பாகு நகரில் ஸ்விட்லர் மறுபடி உலகக் கோப்பை இறுதிக்கு வந்தார். எதிரே செர்கெய் கார்யாகின். நான்கு ஆட்ட இறுதியில் முதல் இரண்டையும் ஸ்விட்லர் வென்றார். 2–0. மீதி இரண்டு ஆட்டத்தில் ஒரே ஒரு டிரா போதும். அரைப் புள்ளி!

வரவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் ஒரே நகர்த்தலில் பெரிய பிழை. நான்காவதும் போனது. 2–2. பிறகு ரேபிட்டில் ஆளுக்கு ஒன்று, 10 நிமிட ஆட்டத்தில் ஆளுக்கு ஒன்று, கடைசியில் பிளிட்ஸில் கார்யாகின் இரண்டையும் வென்று 6–4 என்று கோப்பையைத் தூக்கினார். பத்து ஆட்டத்தில் ஒரு டிரா கூட இல்லை. மேல்மட்டச் செஸ்ஸில் டிராதான் அதிகம் என்று மேலே எழுதினேன். டிரா ஒன்றே போதும் என்ற நிலையிலிருந்த ஒருவருக்குப் பத்து ஆட்டத்தில் அது ஒருமுறை கூடக் கிடைக்கவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது. கார்யாகின் அடுத்த வருடம் கேண்டிடேட்ஸையும் வென்று நியூயார்க்கில் அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சனோடு மோதினார். இறுதிக்கு வந்த இருவருக்குமே கேண்டிடேட்ஸில் இடம் உறுதி என்பதால் ஸ்விட்லரும் அந்த 2016 மாஸ்கோ கேண்டிடேட்ஸில் ஆடினார். 14 ஆட்டத்தில் 7 புள்ளி.

லண்டன், 2013 ஏப்ரல் 1

இந்தப் போட்டியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். சென்னைக்காரர்களுக்கு இதில் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது.

கேண்டிடேட்ஸ் என்பது எட்டுப் பேர் ஆடும் இரட்டை ரவுண்ட் ராபின். முதல் இடம் மட்டும்தான் கணக்கு. அந்த ஒருவர்தான் உலக சாம்பியனுடன் மோதுவார். இரண்டாவதாக வந்தவருக்குப் பணம் உண்டு, ஆனால் பட்டத்துக்கான பாதை அங்கேயே அடைபட்டுவிடும். 2013 மார்ச்சில் லண்டனில் நடந்த கேண்டிடேட்ஸில் வென்றவர் உலக சாம்பியன் ஆனந்தைச் சந்திப்பார் என்பது ஏற்பாடு; அந்த மோதல் நவம்பரில் சென்னையில் நடந்தது. கார்ல்சன், கிராம்னிக், அரோனியன், ராஜபோவ், கெல்ஃபாண்ட், கிரிஸ்சுக், இவான்சுக், ஸ்விட்லர் ஆகிய எட்டுப் பேர். கடைசி மூவரும் 2011 உலகக் கோப்பையில் முதல் மூன்று இடம் பிடித்து உள்ளே வந்தவர்கள்.

13 சுற்று முடிந்தபோது கார்ல்சனுக்கும் கிராம்னிக்குக்கும் தலா 8.5. கடைசிச் சுற்றில் கார்ல்சனுக்கு வெள்ளை, எதிரே ஸ்விட்லர். கிராம்னிக்குக்குக் கறுப்பு, எதிரே இவான்சுக்.

இருவரும் சமமாக முடித்தால் என்ன செய்வது? டை-பிரேக் விதியைப் பார்க்க வேண்டும். முதல் விதி, அவர்களுக்குள் நடந்த ஆட்டங்கள். இரண்டும் டிரா, ஆகவே பயனில்லை. இரண்டாவது விதி, யாருக்கு வெற்றி அதிகம். கார்ல்சனின் கணக்கு அப்போது +5 −1 =7. கிராம்னிக்கின் கணக்கு +4, தோல்வி எதுவுமே இல்லை, =9. ஒரு தோல்வி கூட இல்லாதவர் பின்தங்குகிறார், ஒருமுறை தோற்றவர் முந்துகிறார்! நியாயமா என்று அக்கா மகன் கேட்டான். ஜெயிக்க முயல்கிறவர்களை ஊக்குவிக்க வேண்டும் என்பதற்காக வைத்த விதி அது என்று சொன்னேன். எனக்கும் அந்த விதி முழு மனதாகப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். உலகப் பட்டத்துக்கான இடத்தைக் கூடுதல் ஆட்டம் வைத்து முடிவு செய்திருக்கலாம்.

ஆக, கிராம்னிக் கார்ல்சனைவிட அரைப் புள்ளியாவது கூட எடுத்தாக வேண்டும். கார்ல்சன் எப்படியும் தோற்க மாட்டார் என்று நினைத்து, கறுப்பில் ஆடியும் அவர் வெற்றிக்காகத் துணிந்து ஆடினார். பிர்க் என்ற சற்று ஆபத்தான தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்.

பக்கத்து மேஜையில் யாரும் எதிர்பாராதது நடந்துகொண்டிருந்தது. அந்தப் போட்டியில் முதல் 40 நகர்த்தலுக்கு 2 மணி நேரம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதல் நொடிகள் சேர்வது 61-ஆவது நகர்த்தலிலிருந்துதான். கார்ல்சன் நேர நெருக்கடியில் சிக்கினார். எதிரே ஸ்விட்லருக்குப் போட்டியை வெல்லும் வாய்ப்பு இல்லை. ஒப்புக்கு ஆடி ஒரு டிராவை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ராஜாவை நோக்கித் தாக்கினார், வென்றார். கார்ல்சன் 8.5-லேயே நின்றார்.

இப்போது கிராம்னிக்குக்கு ஒரு டிரா போதும். ஒரே ஒரு அரைப் புள்ளி கிடைத்திருந்தால் 9 புள்ளியுடன் சென்னைக்கு வந்திருப்பார். ஆனால் வெற்றிக்காகத் தொடங்கிய ஆட்டத்தின் நிலை அதற்குள் கெட்டுப்போயிருந்தது. அந்தப் போட்டியில் பல ஆட்டங்களில் கடிகாரம் முடிந்து தோற்ற இவான்சுக், அன்று தவறே செய்யவில்லை. கிராம்னிக்கும் தோற்றார். இருவரும் 8.5. கார்ல்சன் +5 −2 =7, கிராம்னிக் +4 −1 =9. வெற்றிகளின் எண்ணிக்கையில் கார்ல்சன் சென்னைக்கு வந்தார், ஆனந்தை 6.5–3.5 என்று வென்று உலக சாம்பியன் ஆனார்.

ஸ்விட்லருக்கு 8/14. அதே 8 புள்ளி எடுத்த அரோனியனைத் தங்களுக்குள் நடந்த ஆட்டத்தில் வென்றிருந்ததால் மூன்றாம் இடம். முதல் இடத்துக்கும் அவருக்கும் அரைப் புள்ளிதான் வித்தியாசம். சான் லூயிஸில் ஒன்றரைப் புள்ளி பின்தங்கி வந்ததைவிட உலகப் பட்டத்துக்கு இதுவே நெருக்கம் என்று நான் சொல்வது இதனால்தான். அடுத்த மாதம்தான் அவருடைய ரேட்டிங் 2769-ஐத் தொட்டது.

எட்டு முறை என்றால்

இப்போது அந்த "எட்டு முறை ரஷ்ய சாம்பியன்" என்ற வரிக்குத் திரும்புவோம். ரஷ்யாவில் தேசிய சாம்பியன்ஷிப் என்றால் அது மற்ற நாடுகளின் தேசியப் போட்டி மாதிரி இல்லை. உலகின் முதல் ஐம்பது இடத்தில் இருப்பவர்களில் எத்தனையோ பேர் ஒரே மேடையில் ஆடுவார்கள். அதில் 1994, 1995, 1997, 2003, 2008, 2011, 2013, 2017 என்று எட்டுப் பட்டம். முதல் மூன்றும் எலிஸ்டாவில். அடுத்தது கிராஸ்நோயார்ஸ்கில். பிறகு மாஸ்கோவில் இருமுறை, அப்புறம் நிஸ்னி நோவ்கோரோத், கடைசியாக சொந்த ஊர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்.

வருடங்களைக் கவனியுங்கள். முதல் பட்டத்துக்கும் கடைசிப் பட்டத்துக்கும் 23 வருடம் இடைவெளி. நடுவில் போட்டியின் முறையே மாறிவிட்டது. ஆரம்பத்தில் ஸ்விஸ், 2004-லிருந்து 'சூப்பர் ஃபைனல்' என்ற ரவுண்ட் ராபின். 2008-ல் யகோவென்கோ, அலெக்சேயேவ் ஆகியோருடனும், 2013-ல் நெபோம்னியாச்சியுடனும், 2017-ல் அதே ஊர்க்காரரான விட்யுகோவுடனும் புள்ளியில் சமமாக நின்று கூடுதல் ஆட்டங்களில் வென்றார். நாக் அவுட்டில் பழகிய நரம்புறுதி அங்கே உதவியிருக்க வேண்டும். எட்டாவது பட்டம் வாங்கும்போது அவருக்கு 41 வயது.

அணிப் போட்டிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்ததால் ஒலிம்பியாட் நமக்கு நன்றாகத் தெரியும்: ஒரு அணிக்கு நான்கு மேஜை, ஸ்விஸ் முறையில் சுற்றுகள். இப்போது அணி வென்றால் 2 புள்ளி, சமன் என்றால் 1. 2008-க்கு முன் அப்படி இல்லை. எல்லா மேஜைகளின் புள்ளியையும் கூட்டித்தான் பதக்கம் கொடுத்தார்கள். அதனால் ஏற்கனவே ஜெயித்துவிட்ட மோதலில்கூட நான்காவது மேஜையின் அரைப் புள்ளிக்கு மதிப்பு இருந்தது. அந்தக் காலத்தில் 1994 முதல் 2002 வரை நடந்த ஐந்து ஒலிம்பியாட்களிலும் தங்கம் வென்ற ரஷ்ய அணியில் ஸ்விட்லர் இருந்தார்.

இன்னொரு வகையும் உண்டு: செஸ் 960. பின்வரிசைக் காய்களை ஆட்டத்துக்கு முன் கலைத்து அடுக்குவார்கள். ராஜா இரண்டு யானைகளுக்கு நடுவே இருக்க வேண்டும், இரண்டு பிஷப்பும் வெவ்வேறு நிறக் கட்டத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அப்படி அடுக்க 960 வழி. மனப்பாடம் செய்த தொடக்கங்கள் எதுவும் அங்கே செல்லாது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் நடந்த இந்த வகை உலகப் பட்டத்தை ஸ்விட்லர் 2003-ல் லேகோவை வென்று பெற்றார், அடுத்த இரு வருடமும் தக்கவைத்தார். சாதாரணச் செஸ்ஸில் குருன்ஃபெல்டு தற்காப்பில் அவர் உலகறிந்த நிபுணர். எதிரியை நடுப்பலகையில் சிப்பாய்களை நிறுத்த விட்டு, பிறகு அந்தச் சிப்பாய்களையே தாக்கும் கறுப்பின் முறை அது. தொடக்கங்களை அவ்வளவு ஆழமாகப் படித்த ஒருவர், தொடக்கமே இல்லாத ஆட்டத்திலும் சாம்பியன் ஆனார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

2022-ல் உக்ரைன் மீதான போரை நிறுத்தும்படி ரஷ்ய செஸ் ஆட்டக்காரர்கள் 44 பேர் அதிபர் புடினுக்கு எழுதிய திறந்த மடலில் அவரும் கையெழுத்திட்டார். 2024-ல் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸுக்கு மறுபடி போனார், இந்த முறை ஆட அல்ல. நம் பிரக்ஞானந்தாவுக்கு ஆட்டத் தயாரிப்பில் உதவுபவராக.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அக்கா மகன் போனைக் கையில் எடுத்து லண்டன் 2013 என்ற வரியைத் தேடிப் பிடித்தான். "+4 −2 =8. நாலு ப்ளஸ் நாலு, எட்டு. சரியா வருது மாமா." கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த ரெண்டு தோல்வி யார்கிட்ட?"

போட்டியின் முழு அட்டவணையைத் திறந்து, ஸ்விட்லரின் வரிசையில் விரலை வைத்து இடமிருந்து வலமாகப் பூஜ்யத்தைத் தேட ஆரம்பித்தோம்.